பதிவான சாவி: ஒன்று

இரத்தோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அழகுமுத்துவுக்குக் கடையில் வாய் நீளம். வீட்டில் மகன் தனுஜன் எதிரே வந்தால் மட்டும் பேச்சு வராது. தலைக்கு மேல் வளர்ந்த பிள்ளை, இருபத்தேழு வயது. குடித்துவிட்டுக் காரை மதகில் இடித்துவிட்டு வந்து நின்ற அன்றுகூட, "சாப்டியா?" என்றுதான் கேட்டார்.

"அந்தக் கீயைப் புடுங்கி வைங்களேன். ஒருநாளைக்குப் பொணமாத்தான் வருவான்," என்று மனைவி நிரஞ்சனி அழுதாள்.

கேட்டு வாங்கத் தைரியம் இல்லை. அப்போதுதான் அந்தக் கருவி ஞாபகத்துக்கு வந்தது. கம்பெனியில் மாற்றுச் சாவிக்குக் கொள்ளை விலை சொல்கிறார்கள் என்று, தனுஜன்தான் அதை ஒன்லைனில் மலிவாக வாங்கியிருந்தான். உள்ளங்கை அளவுப் பெட்டி. ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகினால் காரோடு பேசும். அப்பாவும் மகனும் வீடியோவைப் பார்த்துப் பார்த்துப் புதுச் சாவியைக் காருக்கு அறிமுகப்படுத்தினார்கள். 'பதிவான சாவி: இரண்டு' என்று திரை காட்டியதும் இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரிச் சிரித்து, ஆளுக்கொரு சாவியை எடுத்துக்கொண்டார்கள்.

அதே திரையில் கீழே இன்னொன்றும் இருந்தது. செருகியிருக்கும் சாவியைத் தவிர மற்றதையெல்லாம் அழி.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, தனுஜன் எழும்புவதற்கு முன்னால், தம் சாவியைப் போட்டு அதை அழுத்தினார். இரண்டு நிமிட வேலை. இனி மகனின் சாவிக்குக் கார் ஸ்டார்ட் ஆகாது. தன் சாவி கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வான், சண்டையில்லை, சச்சரவில்லை. நிரஞ்சனியிடம்கூடச் சொல்லாமல், தம் கெட்டிக்காரத்தனத்தைத் தாமே மெச்சிக்கொண்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பக்கத்துக் கடை ஷிஹாமின் லொறியில் மிளகு வாங்க யட்டவத்தைக்குப் போய்விட்டார்.

பத்து மணிக்குத் தனுஜன் அவருக்குப் போன் எடுத்தான்.

"அப்பா, அம்மாவுக்கு நெஞ்சு வலிக்குதாம், வேர்த்துக் கொட்டுது. கார் ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது!"

அழகுமுத்துவின் கை சட்டைப் பைக்குப் போனது. "ஓட்டோ புடி... சீக்கிரமா ஒரு ஓட்டோ புடி," என்று மட்டும் சொன்னார்.

அடைமழை. ஓட்டோ கிடைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர்.

தனுஜன் அதன் பிறகு குடிக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "போதையில நான்தான் கீயை எங்கயோ தண்ணியில போட்டிருக்கேன். அம்மாவ நான்தான் கொன்னேன்," என்று சொல்லி அழுதான். ஒவ்வொரு தடவையும் அழகுமுத்து வாயைத் திறந்தார். ஒவ்வொரு தடவையும் மூடிக்கொண்டார். பாவி மனிதர், பெற்ற பிள்ளை தலையில் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டே வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தார். காரை யாரும் தொடக்கூடாது என்று சொல்லி, படங்கு போட்டு மூடியும் வைத்தார்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுநாள், தனுஜன் படங்கை விலக்கிவிட்டுக் கருவியோடு காருக்குள் ஏறினான். தன் சாவியில் என்ன பழுது என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். அழகுமுத்துவால் தடுக்க முடியவில்லை. பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றார்.

திரை காட்டியது. பதிவான சாவி: ஒன்று.

தனுஜன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையை நீட்டினான்.

"அப்பா, உங்க கீயைக் குடுங்க."

கொடுத்தார். முதல் திருப்பிலேயே என்ஜின் எழும்பிவிட்டது.

கத்துவான் என்று காத்து நின்றார். இரண்டு அறை விட்டால்கூட நல்லது என்றிருந்தது அவருக்கு. தனுஜன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, திரும்பிப் பார்க்காமல் சொன்னான்:

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்பா."