ஸ்கார்த் என்ற பெயருக்கு வந்த தந்தி

தபால் ஆபீஸ்காரர் பிகாட் அன்று பின்வாசல் வழியாக வந்தார். பாதிரியார் லீத்லி, ஸ்கார்த் வம்ச சரித்திரத்தின் பதினோராம் அத்தியாயத்தில் மூழ்கியிருந்தார். இருபத்திரண்டு வருஷமாக எழுதுகிற சரித்திரம். அந்த யார்க்ஷயர் மீனவ ஊரில் கல்லை விட்டெறிந்தால் ஒரு ஸ்கார்த் தலையில்தான் விழும். அறுபத்துமூன்று வீட்டில் நாற்பத்தொரு வீடு ஸ்கார்த். அத்தனை பேரும் முந்நூறு வருஷத்துக்கு முன்பு இருந்த ஒரே ஆளின் வாரிசுகள் என்று கோயில் பதிவேட்டை வைத்து அவர் நிரூபித்திருந்தார். வடக்கிலிருந்து வந்த பழைய கடலோடிகளின் பாஷையில் ஸ்கார்த் என்றால் பிளந்த உதட்டுக்காரன் என்பதையும் கண்டுபிடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்திலேயே அறிவித்தார். ஊர் அதைக் கேட்டு ஒரு வாரம் சிரித்தது.

"எந்த வீட்ல குடுக்கறதுன்னு தெரியல ஐயா," என்று பிகாட் தந்தியை நீட்டினார். "அந்தப் பேரோட ஆதியந்தமெல்லாம் தெரிஞ்சவரு நீங்கதான்."

ரூபன் ஸ்கார்த், மீனவர், காய்ச்சலில் மரணம், அடக்கம் முடிந்தது. அனுப்பியது தெற்கே ஒரு துறைமுகத்து ஆஸ்பத்திரி.

மூத்த பையனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற ஊர் அது. ஆகவே ரூபன் ஸ்கார்த்துகள் மூன்று பேர். மூவரும் ஹெர்ரிங் மீன் பின்னால், மூன்று வேறு படகுகளில் தெற்கே போயிருந்தார்கள். ஊருக்குள் இதில் யாருக்கும் குழப்பமே வந்ததில்லை. ஒருவன் நண்டு ரூபன், ஒருவன் வெண்ணெய் ரூபன், ஆறடி உயரத்தில் குனிந்துதான் வீட்டுக்குள் நுழைவான் என்பதால் மற்றவன் குட்டி ரூபன். கடன் கொடுப்பதும் கல்யாணம் பேசுவதும் பட்டப்பெயரை வைத்துத்தான்.

லீத்லி தந்தியை மறுபடி படித்தார். அதில் பட்டப்பெயர் இல்லை. ஆகஸ்டில் படகுகள் கிளம்பும்போது, வெளியூரில் நோய்நொடி வந்தால் தர்ம ஆஸ்பத்திரியில் காட்ட ஆளுக்கொரு சீட்டு அவர்தான் எழுதிக் கொடுத்தார். அப்போது வெண்ணெய் ரூபன் தன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "பேருக்குப் பக்கத்துல வெண்ணெய்னு ஒரு வார்த்தை போட்டுடுங்க ஐயா. அப்பதான் நான்னு தெரியும்," என்று கேட்டான். நண்டு ரூபனும் கேட்டான். சிலருக்குக் கோயில் குமாஸ்தா முன்பே போட்டிருந்த பட்டப்பெயரையும் லீத்லி அடித்துவிட்டு, புதுச் சீட்டில் முழுப்பெயரை மட்டும் எழுதினார். "முந்நூறு வருஷத்துப் பேரு அப்பா. அதுல போய் வெண்ணெயைப் பூசணுமா?" என்றார். அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

செய்தி பரவி, அவர் மேல்கோட்டைப் போடுவதற்குள் மூன்று ரூபன்களின் மனைவிகளும் அவர் வீட்டுச் சமையலறைக்கு வந்துவிட்டார்கள். நண்டுவின் மனைவி கெசியா, வெண்ணெயின் மனைவி டோர்காஸ், குட்டியின் மனைவி தாமசின். கல்யாணமாகி ஏழு மாதமான தாமசினுக்கு இடம் விட்டு மற்ற இருவரும் ஒரே பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

"எந்தப் படகு, ஆள் எப்படி இருந்தான்னு கேட்டுத் தந்தி அடிக்கிறேன்," என்றார் லீத்லி. "ஆளுக்கு ஒரு அடையாளம் சொல்லுங்கம்மா."

"எங்க வீட்டுக்காரருக்கு எடது கை கட்டைவிரல் பாதிதான்," என்றாள் கெசியா.

"முன்பல்லு ரெண்டு இல்ல," என்றாள் டோர்காஸ்.

தாமசின் தலையை ஆட்டி மறுத்தாள். டோர்காஸ் அவள் முழங்காலைத் தொட்டாள். "சொல்லுடி."

"சொல்ல மாட்டேன் அக்கா. நான் சொல்லி, அது அங்க பொருந்திட்டா?"

அவளுக்காக உயரத்தை மட்டும் எழுதினார். பதில் வர நான்கு மணி நேரம் ஆனது. டீ ஆறி ஆடை கட்டியது. தன் புருஷனுக்காக யாரும் வாய்விட்டு ஜெபிக்கவில்லை. எப்படி ஜெபிப்பது? என்னுடையவன் வேண்டாம் என்றால், பக்கத்தில் இருப்பவளுடையவனை எடுத்துக்கொள் என்றுதானே பொருள். லீத்லியும் ஜெபிக்க வாய் திறந்தார். கர்த்தரிடம் எந்த ரூபனுக்காகக் கேட்பது என்று தெரியாமல் மூடிக்கொண்டார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். முந்நூறு வருஷத்து ஏடு மேஜை மேல் கிடந்தது, அதில் யார் யாருக்குப் பிறந்தான் என்பதெல்லாம் இருந்தது.

பிகாட் இரண்டாம் தந்தியுடன் வந்தார். லீத்லி உரக்கப் படித்தார்.

"படகு தெரியவில்லை. கொண்டுவந்தவர்கள் உடனே கடலுக்குத் திரும்பிவிட்டார்கள். தொற்றுக் காய்ச்சல், உடுப்புகள் எரிக்கப்பட்டன. அங்க அடையாளம் எதுவும் குறிக்கவில்லை. சீட்டில் பெயர் மிகத் தெளிவாக இருந்தது."

கடைசி வரியைப் படித்த பிறகு அவரால் நிமிர முடியவில்லை. படகுகள் ஊர் திரும்ப இன்னும் மூன்று வாரம் இருந்தது.

"சீட்டுலேருந்து பட்டப்பேரை அடிச்சது நான்தான்," என்றார். "என்னை மன்னிச்சிடுங்க."

கெசியா கோபப்பட்டிருந்தால் தேவலை. அவள் கணக்கு புரியாத பிள்ளையைப் பார்ப்பது போல் அவரைப் பார்த்தாள். "ஸ்கார்த்னா ஒதடு பிளந்தவன்னு நீங்கதானே ஐயா சொன்னீங்க? அதுவும் எவனோ எவனையோ கேலி பண்ணி வெச்ச பேருதானே? அன்னிக்கு அதை எந்தப் பாதிரி ஐயரும் அடிக்கலையே."

மூவரும் எழுந்தார்கள். வாசல்வரை கூடப் போக அவருக்குத் தைரியம் வரவில்லை, மாடி ஜன்னலுக்குப் போனார்.

சாவு விழுந்த வீட்டுக்கு அக்கம்பக்கம் ரொட்டி சுட்டு எடுத்துப்போவது அந்த ஊர் வழக்கம். கீழே, சந்தின் அந்தக் கோடியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் துணி மூடிய ரொட்டியுடன் நின்றார்கள். எந்த வாசலுக்குப் போவது என்று தெரியாமல் யாரும் அசையவில்லை. இந்தப் பக்கத்திலிருந்து மூவரும் கைகோத்தபடி இறங்கிப் போனார்கள். சந்து ஓர் ஆள் அகலம்தான், வரிசையாகத்தான் போக முடியும். கோத்த கையை விடாமல் மூவரும் அதன் வாயில் நின்றார்கள். தாமசின் கெசியாவைப் பார்த்தாள், கெசியா டோர்காஸைப் பார்த்தாள். எதிரே ரொட்டி பிடித்திருந்தவர்கள், முதலில் வருகிறவள்தான் விதவை என்பது போல, யார் வருவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.