மீன் கொண்டுவராதவர்

"அடுத்தது" என்றார் கனகலிங்கம்.

அவர் மனைவி துசியந்தி ஐபேட்டை விரலால் தள்ளினாள். இன்னொரு குளம் வந்தது. அதே பச்சைத் தண்ணீர், அதே மரங்கள், கொழுத்த கார்ப் மீன் ஒன்றைக் கைப்பிள்ளையை ஏந்துவதுபோல் ஏந்திக்கொண்டு பல்லைக் காட்டும் அதே மாதிரியான வெள்ளைக்காரன். பிரான்ஸில் இத்தனை குளங்கள் கிடக்கின்றன என்பதே அவளுக்கு இன்று காலைதான் தெரியும்.

"இதிலை என்ன குறை?"

"ஆக்கள் கூட. ஒரே சனம்."

லண்டனில், பார்க்கிங் என்ற பகுதியில் இருந்த அவர்கள் வீட்டின் முன்னறையில், சோபா இருந்த இடத்தில் ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டிருந்தது. ஈரலில் தொடங்கிய புற்றுநோய் இப்போது எல்லா இடமும் போய்விட்டது. இனி நாள்கணக்குத்தான் என்று நேற்று வந்த நர்ஸ் துசியந்தியைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டுபோய்ச் சொல்லியிருந்தாள். அவருக்கும் அது தெரியும். தெரிந்த மனிதர், கண் விழித்ததும் விழிக்காததுமாக, செப்டெம்பரில் மீன் பிடிக்கப் போவதற்குப் பிரான்ஸில் ஒரு குளம் பார்க்க வேண்டும் என்கிறார். சாகக் கிடக்கிறவர் பிள்ளையைக் கேட்பார், தேவாரம் போடச் சொல்லிக் கேட்பார். குளம் கேட்பாரா? துசியந்திக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

இந்தச் சந்தேகம் இன்று நேற்று வந்ததல்ல. கனகலிங்கம் பெற்றோல் ஸ்டேஷன் ஒன்றில் கல்லாவில் நின்றவர். லீவு கிடைத்த சனி, ஞாயிறுகளில் தூண்டில்களைக் காரில் ஏற்றிக்கொண்டு எசெக்ஸ் பக்கத்துக் குளமொன்றுக்குப் போய்விடுவார். போகட்டும். ஆனால் இத்தனை வருஷத்தில் பேருக்கு ஒரு மீன் வீட்டுக்கு வந்ததில்லை. குழம்புக்கு அவள்தான் ஈஸ்ட் ஹாம் தமிழ்க் கடைக்குப் போய் விளைமீன் வாங்கிக்கொண்டு வருவாள். கேட்டால், "பிடிச்சுப்போட்டுத் திருப்பி விடுறது. இஞ்சை அதுதான் முறை" என்பார். பிடித்த மீனைப் படம் எடுத்துவிட்டுத் தண்ணீருக்குள் விடுவதற்காக ஒரு மனிதன் இரண்டு இரவு கூடாரத்துக்குள் விறைத்துக்கொண்டு கிடப்பானா? யார் காதில் பூச்சுற்றுகிறார்? போதாக்குறைக்கு, திரும்பி வந்தவரின் ஜக்கெற்றில் ஒருநாளும் மீன் வெடில் அடித்ததில்லை. ஸ்ட்ரோபெரி வாசம் அடித்தது.

அந்த வாசத்துக்கு அவள் மனதுக்குள் ஒரு பெயரும் வைத்திருந்தாள். பிறேமினி. அவருடைய ஊர்க்காரி. அவருக்கு முதலில் கலியாணம் பேசியது அவளைத்தான். சாதகம் பொருந்தாமல் நின்றுபோனது. இப்போது பாரிஸில் இருக்கிறாள். ஊர்ச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் துசியந்தி படம் பார்த்திருக்கிறாள், இன்னும் நல்ல வடிவு. எசெக்ஸுக்கும் பாரிஸுக்கும் நடுவில் கடல் கிடக்கிறது என்பது மட்டும் கொஞ்சம் இடித்துக்கொண்டிருந்தது. இன்று காலை அவர் வாயாலேயே பிரான்ஸ் என்று சொன்ன பிறகு அந்தக் கடலும் வற்றிப்போனது.

"இது பாரிஸிலையிருந்து ரெண்டு மணித்தியால ஓட்டமாம்" என்றாள், அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வேண்டாம். கிட்ட."

"கிட்ட எண்டா என்னவாம்?"

"சனம் வந்து குவிஞ்சிடும்."

என்ன கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டாள். உதடு காய்ந்திருந்தது, பஞ்சைத் தண்ணீரில் தோய்த்து மெதுவாகத் துடைத்துவிட்டாள். சந்தேகம் ஒருபக்கம், கை தன்பாட்டில் செய்வது ஒருபக்கம்.

இன்னும் பல குளங்கள் போயின. பெரிய மீன் கிடக்கும் குளம், சாப்பாட்டுக்கடை உள்ள குளம், எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். பிறகு ஒரு படத்தில் அவருடைய கண் நின்றது. தெற்கே, காட்டுக்கு நடுவில், சின்னக் குளம். கரையில் ஒரு மரக் கொட்டில்.

"வாசியும்."

அவள் வாசித்தாள். ஒருநேரத்தில் ஒரு ஆளை மட்டும்தான் விடுவார்கள். பக்கத்தில் வீடு வாசல் கிடையாது. போனும் வேலை செய்யாது.

"இதுதான்" என்றார். வாரக்கணக்காக அவள் காணாத ஒரு தெளிவு அந்த முகத்தில் வந்தது.

"ஆரோடை போறியள்?"

அவர் ஐபேட்டை இன்னும் கிட்டக் கொண்டுவரச் சொல்லி விரலைக் காட்டினார்.

"ஒரு ஆள் எண்டுதான் போடுவினம். காட்டுக்குள்ளை ஆர் வந்து எண்ணிப் பாக்கப்போயினம்? உங்களைத்தான் கேக்கிறன். ஆரோடை?"

கனகலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடினால் தப்பிவிடலாம் என்று நினைக்கிறார் என அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழும்பட்டும், விடமாட்டேன் என்று கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள். அவர் எழும்பவில்லை. மூச்சு நீண்டு, இடைவெளி விட்டு, மத்தியானத்துக்குச் சற்று முன் நின்றது.

நர்ஸ் வந்து பார்த்து உறுதி சொல்லி, துசியந்தியின் தோளைத் தடவிவிட்டுப் போனாள். துசியந்தி அழவில்லை. குரோய்டனில் வேலையில் இருந்த மகள் தர்மிகாவுக்குப் போன் எடுத்துச் சொன்னாள். அடுத்ததாக ஈஸ்ட் ஹாமில் இருக்கும் அவருடைய அக்கா பாலாம்பிகைக்கு எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. வாட்ஸ்அப் குழுவில் பிறேமினியின் இலக்கத்தைத் தேடி எடுத்தாள். மனம் கிடந்து அழுகிறவளா, வாயால் அழுகிறவளா என்பது முதல் மூச்சிலேயே தெரிந்துவிடும். வேறு யாராவது முந்திச் செய்தி சொல்லி அந்த முதல் மூச்சைக் கேட்டுவிட அவள் விடமாட்டாள்.

"அலோ?"

"நான் லண்டனிலையிருந்து துசியந்தி. கனகலிங்கத்தின்ரை மனிசி. அவர் இப்ப கொஞ்சம் முதல் மோசம் போயிட்டார்."

போனைக் காதோடு அழுத்தினாள். அந்தப் பக்கம் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"எந்தக் கனகலிங்கம்?"

"உங்களுக்குப் பேசின கனகலிங்கம்."

"எனக்கோ? ஓ... தபால்கந்தோரடியிலை இருந்தவையின்ரை பொடியனோ? ஐயோ, பாவம். அவர் லண்டனிலையோ இருந்தவர்? நான் கனடா எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருக்கிறன்."

நடிக்கிறவள் அழுவதுபோல் நடிக்கலாம், அழாததுபோலும் நடிக்கலாம். கனடா என்று நடிக்க ஏலாது. துசியந்தி நன்றி சொல்லிப் போனை வைத்தாள். ஏமாற்றமாக இருந்தது, அதை நினைக்க வெட்கமாகவும் இருந்தது.

பிறகுதான் பாலாம்பிகைக்கு எடுத்துச் சொன்னாள். அவள் வாசலிலேயே தலையில் அடித்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் சொந்தக்காரர், தெரிந்தவர்கள் என்று முன்னறை நிறைந்தது. தர்மிகா இன்னும் வந்து சேரவில்லை. கூட்டத்தில் ஜெரோசனும் இருந்தான். அதே பெற்றோல் ஸ்டேஷனில் வேலை செய்கிறவன். அதே குளத்துக்குத் தூண்டிலோடு போகிறவன். நீளமான பை ஒன்றை வீட்டு நடையில் சுவரோடு சாத்திவிட்டு நின்றான்.

"அண்ணையின்ரை சாமான், அக்கா. என்ரை காருக்குள்ளை கிடந்தது."

"திற" என்றாள் துசியந்தி.

"இப்பவோ?"

"இப்பதான்."

அவன் பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் மூடியைக் கழற்றினான். ஸ்ட்ரோபெரி வாசம் குப்பென்று அடித்தது. உள்ளே றோஸ் நிறத்தில் சின்னச் சின்ன மா உருண்டைகள்.

"இரை, அக்கா. கார்ப்புக்கு இனிப்பு எண்டா விருப்பம்."

அவள் ஒரு உருண்டையை எடுத்து மணந்து பார்த்தாள். சந்தேகமே இல்லை, அதே வாசம்.

"அங்கை அவரோடை ஆர் இருக்கிறவை?"

"ஒருத்தரும் இல்லை. நான் இந்தக் கரை, அவர் அந்தக் கரை. கிட்டப் போனா எழும்பி வேறை இடத்துக்குப் போயிடுவார். நல்ல மனிசன், ஆனா அங்கை வந்தா ஒரு கதையும் இராது."

"அப்ப என்னதான் செய்வார்?"

ஜெரோசன் சங்கடப்பட்டான். "சும்மா இருப்பார், அக்கா. தண்ணியைப் பாத்துக்கொண்டு. சிலநேரம் மீன் இழுத்தாலும் எழும்ப மாட்டார்."

துசியந்தி சுவரோடு சாய்ந்துவிட்டாள். ஒருத்தி இருந்திருந்தால் நல்லது. ஒருத்தி என்றால் மயிரைப் பிடித்து உலுப்பியிருக்கலாம், ஊரைக் கூட்டியிருக்கலாம், என்னிடம் இல்லாத எது அவளிடம் இருக்கிறது என்று கேட்டிருக்கலாம். சும்மா இருக்கப் போனார் என்றால் அதை யாரிடம் போய்க் கேட்பது? அவர் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே அவள் தொடங்கிவிடுவாள். பக்கத்து வீட்டுக்காரி, கவுன்சில் குப்பை வண்டி, மகளின் மாமியார். "ஓம்... ஓம்..." என்று அவர் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த ஓமை அவள் விருப்பம் என்று எடுத்திருந்தாள். தன்னிடமிருந்து தப்பத்தான் போனாரா? அப்போதுதான் அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

முன்னறையில் பாலாம்பிகை ஒப்பாரியை நிறுத்திவிட்டு, தம்பிக்கு எந்த ஆஸ்பத்திரியில் என்ன பிழையாகச் செய்தார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தாள். ஒருவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று போனில் ஜேர்மனிக்குச் செய்தி சொன்னார். இன்னொருவர் யூடியூப்பில் சிவபுராணம் போட்டார். நடுவில் கார் இன்சூரன்ஸ் விளம்பரம் வந்தது.

துசியந்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். "எல்லாரும் குசினிக்குப் போங்கோ. தேத்தண்ணி குடியுங்கோ."

"என்னடி கதை இது?" என்றாள் பாலாம்பிகை. "பிரேதத்தைத் தனிய விடப்படாது."

"தனிய இல்லை, மச்சாள். நான் இருக்கிறன்."

யூடியூப்பை அவளே நிறுத்தினாள். ஒவ்வொருவராக வெளியே விட்டுக் கதவைச் சாத்தினாள். அந்தப் பக்கம், விசர் பிடித்துவிட்டது என்று யாரோ மெதுவாகச் சொல்வது கேட்டது. அதுவும் ஓய்ந்தது.

கட்டிலோடு ஒட்டிக் கிடந்த கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய், அறையின் மறுகோடியில், யன்னலுக்குக் கீழே வைத்தாள். அங்கிருந்து அவருடைய நெற்றியும் போர்வைக்குள் நீண்டிருந்த காலும் தெரிந்தன. உடலை எடுத்துப்போகிறவர்கள் பின்னேரம்தான் வருவார்கள்.

பிறேமினி கனடா என்று நினைத்துக்கொண்டிருந்த கதை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நல்ல கதை. அவர் சிரித்திருப்பார். "இஞ்சருங்கோ" என்று சொல்ல வாயைத் திறந்தவள், மூடிக்கொண்டாள்.

தெருவில் ஒரு பஸ் போனது. யன்னல் கண்ணாடி கொஞ்சம் அதிர்ந்து நின்றது.