மல்லி அளவுக் கரி

அரவை மெஷினை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். மனைவி பிரியா இறந்த பிறகு என் தொண்டையிலிருந்து வந்த முதல் பெரிய சத்தம் அதுதான். வேறு யாரோ கத்துவதுபோல எனக்கே கேட்டது.

மெஷின் நின்றது. தகரக் கொட்டகைக்குள் சல்லடை பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் முழங்கை வரை கறுப்பு. திருவேங்கடம் சாலையில் இருக்கிற சிறிய தொழிற்சாலை அது. தேங்காய்ச் சிரட்டையைக் கரியாக்கி, அதை நீராவியில் மறுபடி சுட்டு, தண்ணீர் சுத்திகரிக்கிற கம்பெனிகளுக்கு விற்கிறார்கள். முதலாளி ஜெயசித்ரா ஆபீஸ் அறையிலிருந்து வேகமாக வந்தார்.

"யாரு தம்பி நீங்க? என் மெஷினை நிறுத்தச் சொல்லுததுக்கு?"

"பேரு கோமதிசங்கர். சங்கரன்கோவில்தான். தங்கச் சுரங்கத்துல இன்ஜினியரு. இந்தக் கரியை அரைச்சிராதீங்கக்கா. எனக்கு வேணும்."

சல்லடைக்காரி ஒருத்தி சிரித்தாள். அவள் பெயர் அன்னக்கிளி என்பது பிறகு தெரிந்தது. "தங்கத்தையும் கரி போட்டுத்தான் விளக்குவாகளோ?"

அவள் கேட்டதில் பாதி சரி.

எங்கள் சுரங்கம் தான்சானியாவில் இருக்கிறது. பாறையை மாவாக அரைத்து, ரசாயனம் கலந்த தண்ணீரில் ஊறவைப்போம். தங்கம் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அந்தத் தொட்டியில் சிரட்டைக் கரியைப் போட்டால் கரைந்த தங்கம் வந்து அதில் ஒட்டிக்கொள்ளும். கரியிலிருந்து அதைப் பிரித்து உருக்கி வார்ப்பார்கள். உலகத்தின் பெரிய சுரங்கங்கள் பலவற்றில் இப்படித்தான். கரி உறுதியாக இருக்க வேண்டும். தேய்ந்த கரி பொடியாகித் தங்கத்தையும் தூக்கிக்கொண்டு கழிவுக் குளத்துக்குப் போய்விடும். ஒரு வருடமாக எங்களுக்கு அதுதான் நடந்துகொண்டிருந்தது. தங்கம் குறைந்ததால் கடன் கொடுத்தவர்கள் அடுத்த தவணையை நிறுத்தினார்கள். தவணை வராததால் புதுக் கரி வாங்க முடியவில்லை. கரி இல்லாததால் தங்கம் இன்னும் குறைந்தது.

நான் பிரியாவின் காய்ச்சலுக்காக ஊர் வந்தவன். நான்கே நாளில் எல்லாம் முடிந்தது. திரும்பிப் போகவில்லை. வீட்டிலிருந்தே கணக்குகளைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். எண்கள் துக்கம் விசாரிப்பதில்லை. அதனால் அந்த வேலை எனக்குப் பொருந்தியது.

அன்று காலை சுரங்கத்திலிருந்து தாவீது போனில் பேசினான். ஆலைப் பொறுப்பாளன், இளையரசனேந்தல்காரன்.

"மக்கா, கடன் குடுத்தவன் மூணு மாசந்தான் டைம் குடுத்திருக்கான். அதுக்குள்ள சொன்ன தங்கத்தை வார்த்துக் காட்டலேன்னா பிளான்டை வித்துருவான்லே. இங்கன முன்னூறு குடும்பம் கிடக்கு. சம்பளம் பாதி வாங்கிட்டு வேலை பாக்கானுவ. கரி இல்லாம நான் என்னத்த வச்சுப் பிடிக்க?"

காங்கேயம் வரை எல்லாக் கரிக் கம்பெனிக்கும் பேசினேன். முன்பணம் இல்லாமல் முடியாது என்றார்கள். பைக்கை எடுத்துக்கொண்டு சுற்றுவட்டாரத்தில் தேடியபோதுதான் இந்தக் கொட்டகையும், வாசலில் அடுக்கியிருந்த மூட்டைகளும் கண்ணில் பட்டன. ஒரு மூட்டை பிரிந்து கிடந்தது. கொத்தமல்லி விதை அளவுக் கரி. எங்களுக்கு வேண்டிய அதே அளவு. அதைத்தான் மெஷினில் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கடுகு அளவு கேட்டான் தண்ணிக் கம்பெனிக்காரன். இவ சல்லடையை மாத்திப் போட்டு மல்லி அளவுல சலிச்சுட்டா. ஒரு லோடு. அப்படியே திருப்பி அனுப்பிட்டான்" என்றார் ஜெயசித்ரா.

அன்னக்கிளி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒரு பாட்டிலில் கரியும் கூழாங்கல்லும் தண்ணீரும் போட்டுக் கை வலிக்கும் வரை குலுக்கினேன். தண்ணீர் லேசாகத்தான் கறுத்தது. உறுதியான கரி.

"எவ்வளவு தருவீங்க?"

"இப்போ காசு கிடையாதுக்கா. தங்கம் எடுத்த பிறகுதான்."

அவர் இடுப்பில் கை வைத்தார். "ஏட்டி, கேட்டியளா? பூமிக்குள்ள இருந்து தங்கத்தை அள்ளுதவன் கையில காசு இல்லையாம். சிரட்டை சுடுத நான் கடன் குடுக்கணுமாம்."

கொட்டகையே சிரித்தது. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

"வீட்டுல நகை கிடக்கும்லா? அதை எங்கிட்ட வச்சிட்டு லோடை எடுத்துட்டுப் போங்க."

"அது என் வீட்டுக்காரியோடது."

"அவகிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்."

அன்னக்கிளி அவர் காதருகே போய் ஏதோ சொன்னாள். சின்ன ஊர். ஜெயசித்ராவின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். எல்லா வீட்டு வாசலிலும் அதையே பார்த்திருக்கிறேன்.

"அதுக்காகத் தராதீங்கக்கா" என்றேன். "கரி நல்லா இருக்கு. அதுக்காகத் தாங்க. அரைச்சா பாதி தூசியாப் போயிரும். தூசியை எவனும் வாங்க மாட்டான். இப்படியே குடுத்தா முழு லோடும் நிக்கும். அந்தச் சுரங்கம் பிழைச்சா வருஷம் பூரா இதே அளவு கேக்கும்."

அவர் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். அதை முதல்முறை பார்ப்பவரைப்போல விரல்களுக்கிடையே உருட்டினார்.

"இதுலயா தங்கம் ஒட்டும்?"

"இதுல மட்டுந்தான் நல்லா ஒட்டும்."

"அப்போ ஒண்ணு. தங்கத்தை ஊத்துத அன்னைக்கு நாங்களும் பாக்கணும். என் கண்ணு முன்னால. இல்லேன்னா உங்க வீட்டு வாசல்லயே வந்து உக்காந்துருவேன்."

"சரிக்கா."

லோடு தூத்துக்குடியில் கப்பல் ஏறியது. அக்கரையில் இறங்கி, லாரியில் சுரங்கம் போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. தாவீது தொட்டிகளிலிருந்து பழைய கரியை இறக்கிவிட்டுப் புதியதை நிரப்பினான். நடுவில் டீசல்காரன் பழைய பாக்கிக்காக வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். ஒரு அரவையை மட்டும் ஓட்டினார்கள். கழிவில் எவ்வளவு தங்கம் தப்பிப் போகிறது என்ற எண் தினமும் எனக்கு வரும். முதல் வாரம் அசையவில்லை. இரண்டாம் வாரம் இறங்கியது. பிறகு ஒருநாள் அது பாதியாகி நின்றது. தாவீது வெறும் எண்ணைத்தான் அனுப்பியிருந்தான். நான் எழுந்து போய்ச் சோறு வைத்தேன். இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

வார்க்கிற நாளில் கொட்டகைக்குப் போனேன். மதியச் சாப்பாட்டு நேரம். போனை ஒரு மூட்டைமேல் சாய்த்து வைத்தேன். பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். திரையில் உலை, நீளச் சட்டை போட்ட ஆட்கள், ஓரமாகக் கடன் கொடுத்தவர்கள் அனுப்பிய வெள்ளைக்காரர். கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மூஞ்சியைப் பாரு, பொண்ணு பாக்க வந்து பிடிக்காதவன் மாதிரி" என்றாள் அன்னக்கிளி.

உலை சாய்ந்தது. முதலில் கசடு வந்தது. யாரோ "கறுப்பால்லா இருக்கு" என்றார்கள். ஜெயசித்ரா என் தோளைப் பிடித்து அழுத்தினார். அடுத்த நொடி கறுப்புக்குள்ளிருந்து மஞ்சள் வெளிச்சம் ஒழுகியது. ஒரு அச்சு நிரம்பியது. அடுத்தது. அடுத்தது. கடைசி அச்சும் நிரம்பிய பிறகும் வந்துகொண்டே இருந்தது. தாவீது ஸ்வாஹிலியில் கத்த, ஒருவன் இன்னொரு அச்சைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

குளிரவைத்த கட்டிகளைத் தராசில் வைத்தார்கள். வெள்ளைக்காரர் எண்ணைப் பார்த்தார். கட்டிய கைகளைப் பிரித்தார். ஒரு கட்டியைத் தானே தூக்கி, கீழே வைக்க மனமில்லாமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தாவீதைப் பார்த்துத் தலையசைத்தார்.

"நான் போட்ட சல்லடைதானேக்கா!" அன்னக்கிளி எழுந்து நின்றுவிட்டாள்.

"ஆமாட்டி, நீ போட்டதுதான்! இனி அதைத் தொட்டே, கையை முறிச்சிருவேன்."

அன்னக்கிளி வாயருகே கையை வைத்துக் குலவையிட்டாள். கொட்டகை முழுக்கச் சேர்ந்துகொண்டது. தகரக் கூரை அதிர்ந்தது.

திரையில் ஆட்கள் திகைத்துப் போனை நோக்கித் திரும்பினார்கள். ஆய்வுக்கூடத்திலிருந்து நான்கைந்து பெண்கள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஒருத்தி கூர்ந்து கேட்டாள். சிரித்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, நாக்கைச் சுழற்றி, அதே குலவையை இன்னும் நீளமாகத் திருப்பி அனுப்பினாள்.

இங்கே குலவை சட்டென்று நின்றது.

"ஏ யாத்தீ, அவளுக்கும் தெரியுதுட்டி!"

மறுபடியும் தொடங்கியது. இவர்கள் விட்ட இடத்தில் அவர்கள், அவர்கள் விட்ட இடத்தில் இவர்கள். தாவீது திரைக்கு அருகில் வந்து, "ஏலே சங்கரு, எப்பலே வாரே?" என்று கேட்பது உதட்டசைவில் தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் யாரோ போனை எடுத்துவிட்டார்கள். அது கைமாறிக் கைமாறிக் கொட்டகையின் கடைசி வரை போனது. எல்லா விரலும் கரி. திரை முழுவதும் கறுத்து, ஒரு மூலையில் மட்டும் மஞ்சள் தெரிய, அது அவர்கள் தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது.