பாதி மிதியில் ஒரு குலுங்கல்

1

என் அக்கா என்னை 'டேய்' என்று கூப்பிடுவதன் விலை முப்பத்தெட்டாயிரம். முதலில் நாற்பது சொன்னார்கள். பேசிக் குறைத்தது நான்தான். விலையே இல்லாத பொருளுக்கும் பேரம் பேசி அடிமாட்டு விலைக்கு முடிக்கிற பரம்பரை எங்களுடையது. எங்கள் வீட்டுக் குழந்தைகள் முதலில் பேசிய சொல் 'அம்மா' என்பார்கள். நம்பாதீர்கள். 'குறைச்சுக்கோங்க' என்பதுதான்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: ஒரு டீசல் காரின் ஆக்ஸிலரேட்டர் மிதியிலிருந்து. அக்காவின் கணவர், அதாவது அத்தான், பதினோரு வருடம் ஓட்டி எனக்கு விற்ற கார். சொந்தத்துக்குள் கொடுக்கல் வாங்கல் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, சொந்தத்துக்குள் மட்டுமே கொடுக்கல் வாங்கல் செய்கிற குடும்பம்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

'மழை பெய்துகொண்டிருந்தது. அந்தக் கார் ஒரு காயம்பட்ட விலங்கைப் போல—'

[மழை பெய்யவில்லை. கதையைத் தொடங்கத் தெரியாதவன்தான் மழையைத் துணைக்குக் கூப்பிடுவான்.]

'அத்தான் ஒரு கைதேர்ந்த ஏமாற்றுக்காரர் என்பது எனக்கு அன்றே—'

[இது வக்கீல் நோட்டீஸ். நிறுத்து.]

மூன்றாவது, நேராக நோயைச் சொல்வது. வாங்கிய இரண்டாவது வாரம் கார் குலுங்க ஆரம்பித்தது. நின்ற இடத்தில் ஓடவிட்டால் பூனை மாதிரி இருக்கும். மிதியை முழுக்க அழுத்தினால் சிங்கம் மாதிரி பாயும். சமதளச் சாலையில், சுமையில்லாமல், மிதியில் காலை லேசாக வைத்துக்கொண்டு ஐம்பதுக்குப் பக்கத்தில் போனால் மட்டும் விக்கும். தண்ணீர் குடிக்காமல் சோற்றை விழுங்கியவன் விக்குவதுபோல. எச்சரிக்கை விளக்கு ஒன்றுகூட எரியாது.

இந்தத் தொடக்கம் தேவலை. வைத்துக்கொள்கிறேன்.

3

முதலில் கொண்டுபோனது 'மாத்திப்பாரு'விடம். அந்த மெக்கானிக்கின் சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். எதைக் கேட்டாலும் அவர் சொல்வது, "மாத்திப் பாத்துடலாம் சார்."

டீசல் ஃபில்டரை மாற்றிப் பார்த்தார். குலுங்கியது. புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பி அனுப்புகிற வால்வு ஒன்று உண்டு. அதைக் கழற்றிக் கரி சுரண்டிப் பார்த்தார். அதற்கும் குலுங்கியது.*

* அவரைக் கோமாளியாக்க ஆசைதான். ஆனால் அந்த வால்வு பாதி மிதியில்தான் அதிகம் வேலை செய்யும், சந்தேகப்பட்டது நியாயம். என்னால் ஒரு மெக்கானிக்கைக்கூட ஒழுங்காகக் கேலி செய்ய முடியவில்லை.

"அப்ப டீசலைப் பீச்சற இஞ்செக்டர்தான் சார். நாலையும் மாத்திப் பாத்துடலாம். நாப்பது ஆகும்."

"பாக்கறதுக்கே நாப்பதா? முப்பத்தஞ்சு."

"முப்பத்தெட்டு. டீ என் செலவு."

அந்த டீயைக் குடித்துக்கொண்டேதான் அத்தானுக்குப் போன் செய்தேன்.

"அத்தான், இஞ்செக்டர் நாலும் போச்சாம். தெரிஞ்சேதானே என் தலையில கட்டினீங்க?"

அத்தான், "அக்காகிட்ட குடுக்கறேன்" என்றார்.

"என்னடா?" என்றாள் அக்கா. சொன்னதையே அவளிடமும் சொன்னேன். கூடவே 'ஏமாத்து' என்ற சொல்லை, இலவச இணைப்பாக.

"எவ்வளவு?"

"முப்பத்தெட்டு."

"சரி."

மறுநாள் காலை பஸ் பிடித்து வந்தாள். உட்காரவில்லை. ஒட்டிய உறை ஒன்றை மேஜையில் வைத்தாள்.

"எண்ணிப் பாத்துக்குங்க."

"என்னக்கா, 'ங்க' எல்லாம் போடுற?"

"யாவாரத்துக்கு வந்தவங்ககிட்ட மரியாதையா பேசணும்னு அப்பா சொல்லித் தந்திருக்காரே. வரேங்க."

என் ஆறாம் வகுப்புக் கட்டுரையிலிருந்து போன கதைவரை எல்லாவற்றையும் முதலில் படிப்பவள் அவள். கையில் பென்சிலோடுதான் உட்காருவாள். ஓரத்தில் 'டேய், இது பொய்' என்று எழுதுவாள். பெரும்பாலும் சரியாகவே எழுதுவாள். அந்தப் பென்சில் இந்தத் தாளைத் தொடாமல் நாற்பத்தோரு நாள் ஆகிறது.

உறையை எண்ணவில்லை. எங்கள் குடும்ப வரலாற்றில் எண்ணப்படாத முதல் பணம்.

4

வாசகரே, கதையும் இங்கே குலுங்குவதைக் கவனித்தீர்களா? சண்டைக்காட்சி முழு மிதி, தானாக ஓடுகிறது. கேலியும் கிண்டலும் நின்ற இடத்து ஓட்டம், அதிலும் குறையில்லை. உண்மையை நோக்கி லேசாகக் காலை வைத்தால்தான் விக்கல்.

நான் எதையும் இரண்டு கடையில் விலை கேட்காமல் வாங்குவதில்லை. நோயையும்தான். அதனால் இஞ்செக்டரை மாற்றும் முன் வயர்க்காரம்மாவிடம் போனேன். கார்களின் மின்சாரப் பக்கம் மட்டும் பார்ப்பவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பட்டறை முழுக்கக் கண்ணாடியைத் தேடுபவர்.

"எப்பக் குலுங்குது?"

"போகும்போதும்மா."

"நிக்கும்போது குலுங்கினா நீங்கதான் டாக்டர்கிட்ட போகணும். எவ்வளவு மிதிச்சா குலுங்குது?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. நானும்.

பதிலைச் சொல்லிவிட்டு, "பானெட்டைத் திறக்கலையா?" என்றேன்.

"வயித்துவலின்னு வந்தா உடனே வயித்தைக் கிழிச்சிடறதா?"

ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, ஒரு சிறு கருவியை வண்டியில் சொருகினார். திரையில் ஒரு கோடு.

"இப்ப மிதிங்க. மெதுவா. இன்னும் மெதுவா. முட்டை மேல கால் வைக்கிற மாதிரி."

கோடு வழுவழுவென்று ஏறியது. மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் சட்டென்று கீழே விழுந்து, மறுபடி எழுந்து, ஒன்றும் நடக்காதது போல மேலே போனது. பல்வரிசையில் ஒரு பல் இல்லாத மாதிரி.

"மிதி உள்ள ரெண்டு தடம் இருக்கும். கால் எங்க இருக்குன்னு ரெண்டும் கம்ப்யூட்டருக்குச் சொல்லணும். ஒண்ணு இந்த இடத்துல மட்டும் தேஞ்சிருக்கு. ரெண்டும் வேற வேற சொன்னா அது யாரை நம்பும்? ஒரு கணம் டீசலை நிறுத்திடும். உடனே சரியாயிடறதால விளக்கும் எரியாது."

"இஞ்செக்டர்?"

"அது பாட்டுக்கு நல்லா இருக்கு. என்கிட்ட இந்த மிதி ஒண்ணு இருக்கு, மாட்டி ஓட்டிப் பாப்போம். குலுங்கல் நின்னாத்தான் காசு. நாலாயிரத்து ஐந்நூறு."

ஓட்டினோம். குலுங்கல் நின்றது. வாழ்க்கையில் முதன்முறையாக, சொன்ன விலையைக் கொடுத்தேன்.

கழற்றிய மிதியைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வயர்க்காரம்மா கேட்டார்: "ஒரே இடத்துல வருஷக்கணக்கா காலை வச்சிருக்காங்க. யாரு அது, சிலையா?"

5

சிலை இல்லை. அத்தான்.

அக்காவுக்குக் காரில் ஏறினாலே தலை சுற்றும். வேகம் கூடிக் குறைந்தால் வாந்தி. அதனால் அத்தான் பதினோரு வருடமாக ஐம்பத்திரண்டில் ஓட்டினார். கூட்டாமல், குறைக்காமல், காலை ஆணி அடித்த மாதிரி வைத்துக்கொண்டு. 'அத்தான் வண்டிக்குப் பின்னால போனா சைக்கிள்காரன் ஹாரன் அடிப்பான்' என்று நான் சொல்லாத விசேஷ வீடு கிடையாது. அந்தக் கால் நின்ற இடம்தான் தேய்ந்திருக்கிறது.

[இந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதையை முடித்துவிடலாம். முடிக்கமாட்டேன். கண்ணீர் வந்ததும் சரக்கைச் சரிபார்க்க மறப்பவன் வியாபாரி இல்லை.]

கேள்வி பாக்கி இருக்கிறது: அத்தானுக்குத் தெரியுமா?

முதல் வரைவில் தெரியாது. வண்டி குலுங்கியிருந்தால் அக்கா அதில் பத்து நிமிடம் உட்கார்ந்திருக்க முடியாது. வழக்கு முடிந்தது.

இரண்டாவது வரைவில் தெரியும். விற்பதற்கு முந்தைய ஆறு மாதம், அக்கா என் வீட்டுக்குப் பஸ்ஸில்தான் வந்தாள். "காத்து நல்லா வருதுடா" என்றாள். அப்போது நான் அதை—

வயர்க்காரம்மாவிடமே கேட்டேன். "ஓட்டினவருக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"பழகின காலு அந்தப் பள்ளத்தைத் தானா தாண்டி உக்காந்துக்கும். தெரிஞ்சும் இருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். நான் வண்டிக்குத்தாங்க பாக்கறேன், ஆளுக்குப் பாக்கறதில்ல."

6

அத்தானை இரண்டு வரைவில் சந்தேகித்தாயிற்று. இந்தக் கதையில் இன்னும் சோதிக்கப்படாத பாத்திரம் ஒன்றுதான். அதன் பானெட்டைத் திறக்கிறேன்.

விலை பேசிய அன்று நான் அத்தானிடம் சொன்னது: "இதே மாடல் அத்தான், வெள்ளை. ஒரே ஓனர், பல் டாக்டர். பின் கண்ணாடியில அவர் பொண்ணு ஒட்டின பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் ஒண்ணு. உங்க விலையைவிட முப்பத்தஞ்சு கம்மி."

அப்படி ஒரு கார் இல்லை. டாக்டர் இல்லை. மகள் இல்லை. விலையைக் குறைத்தது அந்தப் பட்டாம்பூச்சிதான்; நான் எழுதியதிலேயே நல்ல வரி அது.

அத்தான் யோசித்துவிட்டு, "அந்த ஸ்டிக்கரை எடுத்தா தடம் நிக்குமோ?" என்று கேட்டார்.

"நிக்கும்னுதான் சொன்னாங்க."

"பாவம், அந்தப் பொண்ணு" என்றார். முப்பத்தைந்தைக் குறைத்துக்கொண்டார்.

ஏமாத்து என்ற சொல்லைப் போனில் சொன்னவன் இவன்தான்.

7

முடிவை வாசகரிடம் விடுவது இவ்வகைக் கதைகளின் வழக்கம். நானும் விடுகிறேன். ஆனால் ஒரே ஒரு வாசகரிடம். மற்றவர்கள் கோபிக்க வேண்டாம். அவர்கள் பஸ்ஸில் வரவில்லை.

அக்கா, ஆறு மாதம் ஏன் பஸ்ஸில் வந்தாய் என்பது உனக்குத்தான் தெரியும். காற்றுக்காக என்றால் முதல் வரைவு. காருக்காக என்றால் இரண்டாவது. இரண்டில் ஒன்றைப் பென்சிலால் அடித்துவிடு. எதை அடித்தாலும் கீழே உள்ள கணக்கு மாறாது. அதற்காகத்தான் அதை முன்பே போட்டுவிட்டேன்.

உன் உறை, பிரிக்காதது: முப்பத்தெட்டாயிரம். உன்னிடம் திரும்புகிறது.

வெள்ளைக் கார்: முப்பத்தைந்தாயிரம். இன்னோர் உறையில், அத்தானுக்கு. அந்தப் பெண் நலம் என்றும் சொல்லிவிடு.

ஃபில்டர், கரி சுரண்டல், புது மிதி: என் செலவு. அத்தானுக்குத் தெரிந்திருந்தாலும் என் செலவு.

பழைய மிதி: தரமாட்டேன். என் மேஜையில் இருக்கட்டும்.

என் பக்கம் நேர். உன் பக்கம் பாக்கி: இரண்டெழுத்து. இந்த ஒன்றுக்கு மட்டும் குறைத்துக் கேட்கமாட்டேன்.