நாலு மணி வரை ஒட்டடை

“இன்னைக்கு சாயந்திரம் தைக்க உக்காரணும்ங்க. அந்த மிஷின் மூலைய கொஞ்சம் ஒதுங்க வைக்கணும்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி மைதீன் பீவி சொன்னது இவ்வளவுதான். சேக் இஸ்மாயிலுக்குக் குடித்துக்கொண்டிருந்த டீ புரையேறிவிட்டது.

பின்னே ஏறாதா? அந்தத் தையல் மிஷினில் பெல்ட் இல்லை. இல்லை என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும், ஏனென்றால் எடுத்தவர் அவர்தான்.

போன புதன்கிழமை மொட்டைமாடியில் புறாக்கூண்டின் கதவுக் கீல் இரண்டும் துருவேறி உதிர்ந்துவிட்டன. பக்கத்து வீட்டுச் சுவரில் ஒரு கடுவன் பூனை வந்து உட்கார்ந்து, விருந்துக்கு வந்தவன் இலையைப் பார்ப்பது போலக் கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. இவர் காஜிமார் தெருப் பக்கம் பூட்டுக்கடை வைத்து ஊருக்கெல்லாம் பூட்டு விற்கிறவர். ஆனால் கதவே கழன்று தொங்கும்போது பூட்டை வைத்து என்ன செய்ய? கீழே ஓடி வந்தவர் கண்ணில் மிஷினின் தோல் பெல்ட் பட்டது. கழற்றினார், இரண்டாக வெட்டினார், இரண்டு கீலாக ஆணி அடித்துவிட்டார். மிஷினைத் துணியால் போர்த்தி, அதன் மேல் பழைய பில் கட்டையும் மூன்று வருடக் காலண்டர்களையும் ஏற்றி வைத்தார். புறா பிழைத்தது. இவர் மாட்டிக்கொண்டார்.

இது முதல் தடவையாக இருந்தால் மன்னிப்பு கேட்டுவிட்டுப் போகலாம். மைதீன் பீவியின் நல்ல கத்தரிக்கோலால் கூண்டுக்குக் கம்பி வலை வெட்டி, அதை வெண்ணெய் கூட வெட்டாத பதத்துக்குக் கொண்டு வந்தவர் இவர். அடைகாக்கும் புறாவுக்குக் குளிருமே என்று புதுத் தலையணை உறையை விரித்தவரும் இவரேதான். அன்றைக்கே அவள் சொல்லிவிட்டாள்.

“இன்னொரு தடவை என் தையல் சாமான்ல கை வச்சீங்க, எட்டுப் புறாவையும் கூண்டோட சந்தையில வித்துப்புடுவேன். ஹஃபீஸா, நீதான் சாட்சி.”

மைதீன் பீவி வாய் வார்த்தைக்குச் சொல்கிற ஆள் இல்லை. மகள் ஹஃபீஸா பத்தாவது படிக்கும்போது படிப்பு கெடுகிறது என்று கேபிளைப் பிடுங்கினாள். மகள் இப்போது கல்லூரியில் கடைசி வருடம். கேபிள் இன்னும் வரவில்லை.

தள்ளிப்போடச் சொல்லவும் வழியில்லை. மைதீன் பீவியின் அக்கா நாளை மக்காவுக்கு உம்ராப் பயணம் புறப்படுகிறாள். தொழுகைக்குத் தலையோடு போர்த்திக்கொள்ளும் வெள்ளை மக்கனா இரண்டு தைத்துத் தருவதாக வாக்குக் கொடுத்தாயிற்று.

இஸ்மாயில் மாடிக்குப் போய், மிஷின் கடை வைத்திருக்கும் அழகுபாண்டிக்குப் போன் போட்டார்.

“பாண்டி, மிஷினுக்கு ஒரு பெல்ட்டு வேணும்ப்பா. உடனே.”

“நான் சோழவந்தான்ல காதுகுத்துல நிக்கிறேன்ணே. நாலு மணிக்கு வந்துருவேன். எந்த மிஷினுக்கு?”

“எங்க வீட்டு மிஷினுக்குத்தான்.”

மேளச் சத்தத்துக்கு மேலே பாண்டியின் குரல் ஏறியது. “அக்கா மிஷினுக்கா? அதுக்கு எதுக்குண்ணே இப்ப பெல்ட்டு?”

“கேள்வி கேக்காத. உங்க அக்காவுக்குத் தெரியக்கூடாது. தெருமுனையில வந்து நில்லு, நான் வாரேன்.”

ஆக, நாலு மணி வரை அவளை மிஷின் பக்கம் அண்டவிடக்கூடாது. இஸ்மாயில் கீழே இறங்கி வந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

“ஏம்மா, வெள்ளைத் துணியாச்சே. மேல பேன்ல எம்புட்டு தூசி பாரு. தைக்கும்போது பொத்துன்னு விழுந்தா உம்ராவுக்குப் போற துணி என்னத்துக்கு ஆகும்? நீ உக்காரு, நான் தொடைக்கிறேன்.”

சாப்பிட்ட தட்டைக் கூட நகர்த்தி வைக்காத மனுஷர் ஸ்டூல் மேல் ஏறி நிற்பதை மைதீன் பீவி வாயைத் திறந்துகொண்டு பார்த்தாள். பேன் தூசி கட்டிலில் விழுந்தது. விழவேண்டும் என்றுதான் அவரும் தட்டினார். கட்டிலைத் தட்ட வேண்டியதாயிற்று, அதற்காக நகர்த்தினால் அடியில் ஒரு தனி உலகமே இருந்தது. அதைப் பெருக்கி முடித்தால் மூலையெல்லாம் ஒட்டடை. ஒட்டடை அடித்தால் தரை கழுவாமல் முடியுமா? இப்படி ஒரு வேலை இன்னொரு வேலையைப் பெற்றுப் போட்டுக்கொண்டே போனது.

“அத்தா, உடம்புக்கு ஏதும் செய்யுதா?” என்றாள் ஹஃபீஸா.

“சுத்தம் ஈமான்ல பாதிம்மா,” என்று இறைநம்பிக்கையையே துணைக்கு இழுத்தார் அவர், பரணில் இருந்து பித்தளைச் சட்டிகளை இறக்கியபடி.

“இருபது வருசமா அந்தப் பாதி எங்க போயிருந்துச்சு?” என்றாள் மைதீன் பீவி. சொன்னாளே தவிர, தடுக்கவில்லை. அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தாள். தைக்க அவசரப்படுகிறாள் என்று நினைத்து இஸ்மாயில் இன்னும் வேகமாகத் தேய்த்தார்.

மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்தவர், தால்சா வைத்தால்தான் சோறு இறங்கும் என்று அடம்பிடித்து அதில் ஒரு மணி நேரம் ஓட்டினார். சாப்பிட்டதும் ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தார். வீடு பெருநாள் வீடு மாதிரி மின்னியது. அழுக்கு என்று சொல்லிக்கொள்ள வீட்டில் அவர் மட்டும்தான் மிச்சம்.

மைதீன் பீவி காலண்டர்களை இறக்கிவிட்டு மிஷின் துணியில் கை வைத்தாள்.

“இரு, எண்ணெய் விடணும்!”

“நான் விட்டுக்கிறேன்.”

“கறை படும்!”

“ஏங்க, கையை எடுங்க.”

எடுக்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அவள் கண்ணைப் பார்த்த அந்தக் கணத்தில் இஸ்மாயிலுக்கு அடைகாத்துக்கொண்டிருக்கும் புள்ளிப்புறாதான் நினைவுக்கு வந்தது. சர்க்கரை இல்லாத டீயும் கடையும் வீடுமாகப் போகிற வாழ்க்கையில் மாடிக்குப் போகும் அந்த அரைமணி நேரம்தான் அவருக்குச் சந்தோஷம். அதுவும் போனால் என்ன இருக்கிறது?

“பெல்ட்டை நான்தான் அறுத்தேன் பீவி. கீலுக்கு. புறாவை மட்டும் வித்துராத. இன்னும் ரெண்டு நாள்ல குஞ்சு பொரிச்சிரும்.”

அவள் துணியை விலக்கி மொட்டைச் சக்கரத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் லோடு ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்தது. அழகுபாண்டி ஒரு பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான்.

“அக்கா, மோட்டார் மிஷின் வந்துருச்சு. பழசை ஏத்திருவோமா?” என்றவன் இஸ்மாயிலைப் பார்த்து நெளிந்தான். “கோவிச்சுக்காதீங்கண்ணே. பழைய இரும்புக்குப் போற மிஷினுக்கு எதுக்கு பெல்ட்டுன்னு எனக்கும் ஒண்ணும் வெளங்கல. சொன்னா அண்ணன் வேணாம்பாரு, வந்து எறங்குற வரைக்கும் மூச்சு விடாதன்னு அக்கா சொல்லிருந்துச்சு.”

இஸ்மாயில் பரணை ஏறிட்டுப் பார்த்தார். ஜன்னல் கம்பிகளைப் பார்த்தார். ஐந்தே நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பெல்ட் பேச்சே எழாமல் மிஷின் ஆட்டோ ஏறிப் போயிருக்கும். புறாவை அவர் தன் வாயாலேயே சந்தைக்கு அனுப்பிவிட்டார்.

மைதீன் பீவி மாடிப்படி ஏறினாள். இஸ்மாயில் பின்னாலேயே ஓடினார். அவள் கூண்டுக் கதவைத் திறந்தாள், மூடினாள், தன் பெல்ட்டின் இரண்டு துண்டையும் தடவிப் பார்த்தாள். புள்ளிப்புறா முட்டையை விட்டு அசையாமல் அவளை முறைத்தது.

“அப்ப காலையில இருந்து இம்புட்டு வேலை பாத்தது இதுகளுக்காகத்தானா?”

“ஆமா,” என்றார் இஸ்மாயில். “விக்கப் போறியா?”

“எனக்கென்ன பைத்தியமா?” என்றாள் மைதீன் பீவி. “இதுகளை வித்துட்டா, நாளைக்கு எதைச் சொல்லி உங்ககிட்ட வேலை வாங்குறது?”