கோணியது கண்ணாடி அல்ல

கண்ணாடிக்கடைக்காரருக்கு யார் மூக்கிலாவது கண்ணாடி கோணலாக இருந்தால் கை பரபரக்கும். பேருந்தில் முன்பின் தெரியாதவரிடம்கூட, "கழட்டிக் குடுங்க, சரி பண்றேன்" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட மனுஷர். சொந்த மகளின் கண்ணாடி இடது பக்கம் இறங்கி நின்றால் சும்மா விடுவாரா? திங்கட்கிழமை, காதில் மாட்டும் கம்பியைக் கொஞ்சம் வளைத்தார். செவ்வாய்க்கிழமை மறுபடி இறங்கியிருந்தது. மறுபடி வளைத்தார்.

"மேல உக்காந்து நசுக்கிட்டியா?"

"இல்லப்பா."

அவ்வளவுதான் பதில். ஒன்பது வயது மகளுக்கு வீட்டில் வாயாடி என்றுதான் பெயர். இரண்டு வாரத்துக்கு முன் காதுவலி வந்ததிலிருந்து அந்த வாய் அடங்கிக் கிடந்தது. சொட்டு மருந்தில் சரியாகிவிட்டது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை மத்தியானம் கடைக்கு வந்த மகளின் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அது ஒரு பக்கமாக ஆடியது. இவ்வளவு கோணலான கண்ணாடி அவள் முகத்தில் நேராக உட்காருகிறது என்றால், கோணியது எது?

மகளின் முடியை ஒதுக்கிப் பார்த்தார். இடது காது முன்னால் தள்ளி, கீழே இறங்கியிருந்தது. பின்னால் சிவந்து, புடைத்திருந்தது. தொட்டதும் அலறினாள். பாவி நான், இரண்டு நாள் கம்பியை வளைத்துக்கொண்டிருந்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். கடையை அப்படியே போட்டுவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

"காதுவலிதானே, நாளைக்கு வாங்க" என்றாள் சீட்டு எழுதும் பெண்.

"வலி மட்டும் இல்லம்மா, காதே இடம் மாறியிருக்கு. இருபது வருஷமா நான் தொட்டுப் பார்க்கிறது காதுக்குப் பின்னாடிதான். டாக்டர் பார்க்கற வரைக்கும் நகர மாட்டேன்."

நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் திட்டினார்கள். திட்டிக்கொள்ளட்டும் என்று நின்றார். சத்தம் கேட்டு வெளியே வந்த டாக்டரம்மா ஒரே பார்வைதான் பார்த்தார்.

"உடனே சேர்க்கணும். காதுக்குப் பின்னாடி இருக்கற எலும்புல சீழ் வச்சிருக்கு. விட்டா மூளைக்குப் போயிடும்."

ஸ்கேன் எடுத்து, நரம்பில் மருந்து ஏற்றி, அன்று சாயங்காலமே எலும்பைத் துளைத்துச் சீழை எடுத்தார்கள். கதவு திறக்கும்வரை அவர் உட்காரவே இல்லை.

கட்டுப் பிரித்த அன்று மகள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைக்கண்ணாடியில் பார்த்தாள். காது பழைய இடத்துக்கு வந்துவிட்டது. கண்ணாடி இடது பக்கம் மேலே ஏறி, பார்க்கச் சகிக்காத கோணலில் நின்றது.

"என்னப்பா வேலை இது? உங்க கடைக்கு எப்படித்தான் ஆள் வர்றாங்களோ! டாக்டரம்மா, நீங்க மட்டும் இவர்கிட்ட போயிடாதீங்க..."

அவள் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனாள். கண்ணாடிக்கடைக்காரர் அந்தக் கோணலைப் பார்த்து அழுதார், சிரித்தார். கை மட்டும் பரபரக்கவில்லை.