ரப்பர் மேல் நிற்கும் எஞ்சின்

இந்தக் காலத்தில் எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் "தேஞ்சுபோச்சு, மாத்தணும்" என்பதைத் தவிர வேறு பேச்சே கிடையாது.

கொஞ்ச நாளாக, கிளட்சை விட்டால் என் கார் உதறியது. ரோடு சரியில்லை என்றேன். நிறைமாதமாக இருக்கும் மகள் கேட்கவில்லை. இந்தக் காரில்தான் பிரசவத்துக்குப் போகவேண்டும் என்று சொல்லி, மெக்கானிக்கிடம் என்னை இழுத்துவந்துவிட்டாள்.

அவன் பானெட்டைத் திறந்து, "பெரியவரே, ஓரமா நின்னு எஞ்சினை மட்டும் பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே உட்கார்ந்தான். பிரேக்கை மிதித்தபடியே கியர் போட்டுக் கிளட்சை மெல்ல விட்டான்.

எஞ்சின் எழுந்தது. அவ்வளவு பெரிய இரும்பு, படுத்திருந்த எருமை மாதிரி ஒரு பக்கம் நாலு விரல் உயரம் எழும்பி, டமாரென்று விழுந்தது. இந்தக் காரிலா இத்தனை நாள் பிள்ளைத்தாய்ச்சியை உட்காரவைத்து ஓட்டினேன்?

"எஞ்சினைத் தாங்குற ரப்பர் தேஞ்சு கிழிஞ்சுடுச்சு" என்று எஞ்சினை நிறுத்தி இறங்கிவந்து, ரப்பரின் பிளவுக்குள் விரலை விட்டுக் காட்டினான்.

"இவ்ளோ பெரிய எஞ்சினை ரப்பரா தாங்கும்? யார்கிட்டய்யா கதை விடுற?"

"பின்னே, இத்தனை நாள் உங்க வாய்ப்பேச்சா தாங்குச்சு?"

"ரப்பரோ இரும்போ, மாத்தாம நான் இதுல ஏறமாட்டேம்ப்பா" என்றாள் மகள்.

சாவியை அவள் கையில் திணித்துவிட்டு நடந்தேன். மாற்றட்டும். ஆனால் இரும்பை ரப்பர் தாங்கும் என்று எவன் சொன்னாலும் நான் நம்பமாட்டேன்.